வால்வு எங்கே இருக்கிறது? – குடிநீர்க் களப்பதிவு குறித்த வாசகர் கேள்விகள்

ஊராட்சி, நகராட்சி, குடிநீர் வாரியம் ஆகியவற்றின் களப்பணியாளர்கள் இதுவரை பதிவேட்டில் எழுதிவந்த விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதியும் முறைக்கு மாறிவருவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை களத்திலேயே வேலை செய்பவர்கள் எழுதியவை. அவற்றில் சிலவற்றுக்கு, குடிநீர் வழங்கல் துறையில் நெடுங்காலம் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எமது பகுதி ஆசிரியர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் நகராட்சியில் குழாய், வால்வு விவரங்கள் எல்லாம் கிழிந்துபோன பழைய வரைபடங்களிலும் ஃபிட்டர்களின் நினைவிலும்தான் இருக்கின்றன. களப்பதிவுச் செயலி ஒன்றைப் பயன்படுத்த இப்போது ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு மேற்பார்வையாளர், திருச்சி மாவட்டம்

பதில்: வால்விலிருந்து தொடங்குங்கள். குழாய் எந்த வழியாகப் போகிறது என்று அறிய மண்ணைத் தோண்ட வேண்டும். வால்வு எங்கே இருக்கிறது என்று அறியவோ, அதைத் தினமும் திருப்புகிற ஃபிட்டருடன் நான்கு நாள் காலையில் நடந்தால் போதும். அவர் பணி ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அவருடனேயே வீட்டுக்குப் போய்விடும் என்பதால், இது தள்ளிப்போடக் கூடிய வேலை அல்ல.

நான் இளநிலைப் பொறியாளராக இருந்த ஒரு சிற்றூரில், கோடைக்கால இரவு ஒன்றில் பிரதானக் குழாய் உடைந்து தெரு முழுவதும் தண்ணீர் ஓடியது. அடைக்க வேண்டிய வால்வின் மேல் சில வாரங்களுக்கு முன்புதான் புதிய தார்ச்சாலை போட்டிருந்தார்கள். கடப்பாரையால் ஐந்தாறு இடங்களில் தட்டிப் பார்த்தும் மூடி அகப்படவில்லை. வேறு வழியின்றி, முந்தைய ஆண்டு ஓய்வு பெற்றிருந்த ஃபிட்டரை வீட்டிலிருந்து அழைத்து வந்தோம். அவர் விளக்குக் கம்பத்தில் முதுகை ஒட்டி நின்று, எதிரே இருந்த பிள்ளையார் கோயில் படியை நோக்கி ஒன்பது அடி வைத்து, குதிகாலால் தட்டி, "இங்கே தோண்டுங்கய்யா" என்றார். அங்கேதான் இருந்தது. அதற்குள் மேல்நிலைத் தொட்டி காலியாகிவிட்டதால் மறுநாள் காலை பாதி ஊருக்குத் தண்ணீர் விட முடியவில்லை. அந்த ஒன்பது அடியை எங்களில் ஒருவரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைத்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆகவே ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் குழியின் உட்சுவரிலும் அருகிலுள்ள நிலையான சுவரிலும் பெயின்ட்டால் எழுதி, அதே எண்ணிலேயே செயலியிலும் பதிவைத் தொடங்குங்கள். வால்வின் விட்டம், குழியின் ஆழம், எந்தெந்தத் தெருக்களுக்கு அது தண்ணீர் விடுகிறது, மூடியைத் திறந்து எடுத்த படம், அசையாத இரண்டு பொருள்களிலிருந்து நாடா பிடித்து அளந்த தூரம் ஆகியவை அவசியம் வேண்டும். இவற்றோடு பலரும் விட்டுவிடுகிற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது, வால்வை முழுதாக மூட எத்தனை சுற்று ஆகிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற குறிப்பு. தகட்டை இறக்கித் தண்ணீரை அடைக்கும் ஸ்லூஸ் வால்வுக்கு அங்குலக் கணக்கில் விட்டத்தை மூன்றால் பெருக்கி இரண்டோ மூன்றோ கூட்டிக்கொள்வது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. அதன்படி 6 அங்குல வால்வுக்கு ஏறத்தாழ 20 சுற்று வரும். சென்ற முறை 20 என்று பதிவாகியிருந்த வால்வு இந்த முறை 12 சுற்றிலேயே நின்றுவிட்டால், அடியில் கல்லோ மண்ணோ சிக்கியிருக்கிறது, வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் ஸ்பிண்டில், அதாவது தகட்டை ஏற்றி இறக்கும் தண்டு, உடைந்திருக்கக்கூடும். உடைப்பு ஏற்பட்ட இரவில் தெரியவேண்டிய இந்தச் செய்தி, சாதாரண நாளிலேயே தெரிந்துவிடுகிறது அல்லவா? கைப்பேசியில் பதிவதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே திரையில், வால்வுச் சாவியைப் பிடித்திருப்பவரின் கண்முன்னே வருவதுதான்.

முதல் சுற்றில் பத்துக் கேள்விகளுக்கு மேல் வைக்காதீர்கள். தலைமை அலுவலகத்தில் ஆளுக்கு ஐந்து கேள்வி சேர்த்து நாற்பதாக்கிய படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் முதல் பத்துக்குத்தான் உண்மையான விடை இருந்தது, மீதிக்குப் பணியாளர்கள் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டிருந்தார்கள்.

கேள்வி: செயலி காட்டும் புள்ளியும் வால்வு இருக்கும் இடமும் சில நேரம் ஒரு வீட்டு அகலத்துக்கு மாறுகின்றன. கைப்பேசி பழுதா?
– ஃபிட்டர், கும்பகோணம்

பதில்: பழுதன்று. திறந்த வெளியில் நல்ல கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் வட்டத்துக்குள் சரியாகக் காட்டும். இருபுறமும் மாடி வீடுகள் நெருங்கிய சந்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும். வால்வின் மேலேயே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, செயலி காட்டும் துல்லிய எண் 5 மீட்டருக்குக் கீழே வந்தபின் பதியுங்கள். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் சென்டிமீட்டர் அளவில் காட்டும் நில அளவைக் கருவி இருக்கிறது. அதைத் தினசரி வேலைக்கு வாங்க வேண்டியதில்லை, பிரதானக் குழாய்களை ஒருமுறை அளந்து வைக்க வாடகைக்கு எடுத்தால் போதும். கைப்பேசி உங்களைத் தெருவுக்கும் வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்து சேர்க்கும், கடைசி பத்து அடிக்குக் கம்பத்திலிருந்தும் சுவர் மூலையிலிருந்தும் அளந்த நாடா அளவே வழிகாட்டும். மேலே சொன்ன இரண்டு தூரங்களை நான் வற்புறுத்தியது அதனால்தான்.

கேள்வி: எங்கள் மலைக் கிராமங்களில் பாதி இடங்களில் டவர் கிடைப்பதில்லை. செயலி எப்படி வேலை செய்யும்?
– ஊராட்சிச் செயலர், ஜவ்வாது மலை

பதில்: இணையம் இல்லாமலே பதிவை ஏற்று, கைப்பேசியிலேயே சேமித்து, டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பும் செயலியாகப் பார்த்து எடுக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கப்பட்ட ஓ.டி.கே. என்ற கட்டற்ற மென்பொருளும், அதன் அடிப்படையில் எழுந்த கோபோ டூல்பாக்ஸும் இந்தத் தேவையை மனத்தில் வைத்தே உருவானவை. படிவத்தை எக்செல் தாளிலேயே தயாரித்துக்கொள்ளலாம், கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். ஜி.பி.எஸ்.ஸுக்கும் டவர் தேவையில்லை, அது நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருவது. ஒரே ஓர் எச்சரிக்கை: அனுப்பாத பதிவுகள் கைப்பேசியில் இருக்கும்போது செயலியை நீக்கினாலோ கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலோ அத்தனையும் போய்விடும். வாரச் சந்தைக்குக் கீழே இறங்கும் நாளில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, எத்தனை போய்ச் சேர்ந்தன என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இரண்டு மேல்நிலைத் தொட்டிகளுக்கு டேங்க் ஆபரேட்டராக இருக்கிறேன். தண்ணீர் திறக்கும்போதும் குளோரின் போடும்போதும் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். கைப்பேசியும் என்னுடையது, ரீசார்ஜும் என் செலவு. இது வேலையை எளிதாக்கவா, எங்களை வேவு பார்க்கவா?
– டேங்க் ஆபரேட்டர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, இதற்கு நேர்மையான பதிலைச் சொல்லாத எந்தச் செயலியும் களத்தில் நிலைக்காது. முதலில் செலவு. பணிக்காகப் பயன்படும் கைப்பேசிக்கும் அதன் இணையத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியது பணி கொடுப்பவரே. குறைந்த ஊதியத்தில் விடியற்காலையில் தொட்டி ஏறுகிற ஒருவர் தம் கைக்காசைப் போட்டு அரசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. இதை எழுத்து மூலம் கேளுங்கள்.

அடுத்தது வேவு. பதிவு செய்யும் அந்த நொடியில் மட்டும் இடத்தைக் குறித்துக்கொள்வது வேறு, நாள் முழுவதும் நீங்கள் போகும் வழியைப் பின்தொடர்வது வேறு. முன்னது தொட்டியின் பதிவு, பின்னது ஆளின் பதிவு. குடிநீர் நிர்வாகத்துக்கு முன்னது போதும். வருகைப் பதிவையும் தண்ணீர்ப் பதிவையும் ஒரே செயலியில் கலந்துவிட்டால், பணியாளர் தம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே எண்களைத் திருத்தி எழுதத் தொடங்குவார். பிறகு அந்தத் தகவலை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

செயலி உங்களுக்கு என்ன திருப்பித் தர வேண்டும் என்பதையும் சொல்கிறேன். குளோரினை எடுத்துக்கொள்வோம். 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரில் 4 கிராம் போட்டால் 1,000 லிட்டர் தண்ணீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம், 2 மில்லிகிராம் வேண்டுமென்றால் 800 கிராம். இந்தக் கணக்கை இருட்டில், வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் மனத்தில் போட வேண்டியதில்லை. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தட்டினால் எத்தனை கிராம் என்று செயலியே சொல்ல வேண்டும். வாய் திறந்த மூட்டையில் பவுடரின் வீரியம் நாளுக்கு நாள் குறையும் என்பதால், மூட்டையைப் பிரித்த தேதியையும் கேட்டு வைத்துக்கொண்டு, பழையதானால் எச்சரிக்க வேண்டும். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அரை மணியைச் செயலியே கணக்கு வைத்து ஒலி எழுப்பலாம். பிறகு கடைக்கோடி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பார்த்த அளவைப் பதிய வேண்டும். இந்திய குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 கேட்பதும் அந்த அளவையே.

வாளியோடு எடுத்த படம் அன்று நீங்கள் தொட்டி ஏறினீர்கள் என்பதை மட்டுமே காட்டும். கடைசித் தெருவில் எடுத்த 0.2 என்ற அளவு, அந்தத் தெருக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வராமல் காத்தீர்கள் என்பதைக் காட்டும். உங்கள் ஒன்றியத்தில் படத்தை விட்டுவிட்டு இந்த அளவைக் கேட்கச் சொல்லி நீங்களே கோரலாம், உங்களுக்குச் சாட்சியாக நிற்கப்போவதும் அதுதான்.

கேள்வி: ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் சோதனைப் பயிற்சி பெற்ற ஐந்து பெண்களில் நானும் ஒருத்தி. கிட்டில் சோதித்துச் செயலியில் ஏற்றுகிறோம். ஆனால் படிவத்தை அன்றே முடித்து அனுப்பச் சொல்கிறார்கள். கிருமிச் சோதனைப் புட்டியின் முடிவு மறுநாள்தானே தெரியும்?
– சுய உதவிக் குழு உறுப்பினர், தருமபுரி மாவட்டம்

பதில்: சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள், அம்மா. அந்தப் புட்டியில் தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, 24 முதல் 48 மணி நேரம் கழித்துக் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; கறுத்தால் கிருமிக் கலப்பு இருக்கிறது என்று பொருள். அன்றே முடிவு கேட்கும் படிவம் கள வேலையைத் தெரியாதவர் அமைத்தது. நிரப்பாமல் விட்டால் படிவம் போகாது, போக வேண்டுமானால் 'கிருமி இல்லை' என்று தட்ட வேண்டும் என்ற நிலைக்குப் பணியாளரைத் தள்ளுவது ஆபத்தானது. புட்டி வைத்த நேரத்தை ஒரு பதிவாகவும், முடிவை அது தெரியும் நாளில் இன்னொரு பதிவாகவும் ஏற்று, இடையில் நினைவூட்டும்படி படிவத்தை மாற்றச் சொல்லி மாவட்ட ஆய்வகத்துக்கு உங்கள் குழுவின் பெயரிலேயே எழுதுங்கள். அதுவரை புட்டியின் மேல் ஒட்டிய தாளில் எந்தக் குழாய், எத்தனை மணி என்று எழுதி வையுங்கள்.

உங்கள் மாவட்டம் ஃபுளோரைடால் பல தலைமுறைகள் துன்பப்பட்ட பகுதி. பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு வளைவும் கண்ட ஊர்களுக்காகத்தான் ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆற்றுநீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிவிடும் ஊர்களில், அன்றைய நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதி என்பது தர நிர்ணயம். எங்கிருந்து வந்த நீர் என்ற குறிப்பு இல்லாமல் சராசரி எடுத்தால், ஆற்றுநீர் வந்த நாள்களின் நல்ல எண், கிணற்றுநீர் விட்ட நாள்களை மறைத்துவிடும். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளை நிழலான பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் படம் எடுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் நிறம் ஏமாற்றும்.

கேள்வி: எங்கள் வீட்டு மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்துத்தான் ரீடிங் எடுக்கிறார்கள். அப்படியும் ஒரு மாதம் கற்பனைக்கு எட்டாத தொகை வந்தது. படம் எடுத்தும் எப்படித் தவறுகிறது?
– குடிநீர் இணைப்புதாரர்

பதில்: பொதுவாக மீட்டரில் கறுப்பு எண்கள் கிலோலிட்டரையும் (ஆயிரம் லிட்டர்), சிவப்பு எண்கள் அதற்குக் கீழான பின்னத்தையும் காட்டும். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தட்டிவிட்டால் பல நூறு மடங்கு கூடிவிடும். சென்ற மாத ரீடிங்கோடு ஒப்பிட்டு, வழக்கத்துக்கு மாறாக இருந்தால் "மீண்டும் பாருங்கள்" என்று செயலி அங்கேயே, உங்கள் வாசலில் வைத்தே நிறுத்தியிருக்க வேண்டும். படத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கறுப்பு எண்களை மட்டும் படித்து முறையிடுங்கள்.

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்று முதலாண்டு இலவசமாகச் செயலி தருவதாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– பேரூராட்சித் தலைவர், ஈரோடு மாவட்டம்

பதில்: தகவல் யாருடையது என்பதை. பேரூராட்சி கேட்கும் எந்த நாளிலும், படங்களோடும் இடக்குறிப்போடும், வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில் எல்லாப் பதிவுகளையும் கட்டணமின்றித் திருப்பித் தர வேண்டும் என்ற வரி இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தம் முடிந்த மாதத்தோடு திரை அணைந்தது. இரண்டு ஆண்டுகள் தெருத்தெருவாக நடந்து சேர்த்த விவரத்தில் ஒரு வரியைக்கூட மீட்க முடியாமல், பணியாளர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அவர்களுடைய முகத்தை நான் மறக்கவில்லை. கையெழுத்திடும் முன்பே சோதனையாக நூறு பதிவுகளைப் போட்டு, அவற்றை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இணைப்புதாரர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை என்பதால், அவற்றை வேறு எந்த வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கசிவுப் புகார்களை வரைபடத்தில் குறிப்பதால் உண்மையில் என்ன பயன்?
– பொறியியல் மாணவி, மதுரை

பதில்: 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்நோ இறப்புகளை வீடுவீடாக விசாரித்தார், பிராட் தெருவின் கைப்பம்பு ஒன்றைச் சுற்றி அவை குவிந்திருப்பதைக் கண்டார். பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தது அந்த விசாரணைதான். அவர் வரைந்த வரைபடத்தில் அந்தக் குவியலை இன்றும் பார்க்கலாம். நம் ஊர்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். இங்கே பெரும்பாலும் நாளில் சில மணி நேரமே தண்ணீர் விடுகிறோம். விடும் நேரத்தில் கசிவுத் துளை வழியாகத் தண்ணீர் வெளியே போகும், நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் விழுந்து, பக்கத்துச் சாக்கடை நீர் அதே துளை வழியாக உள்ளே வரும். ஒரு தெருவில் கசிவும், அதே வாரத்தில் நான்கு வீடுகளில் "தண்ணீர் நாறுகிறது" என்ற புகாரும் தனித்தனிப் பதிவேடுகளில் இருந்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஒரே வரைபடத்தில், குழாய்க் கோட்டின் மேல் ஐந்து புள்ளிகளாக விழுந்தால் தோண்ட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும்.

இழப்பின் அளவையும் சொல்கிறேன். 20 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்தில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று மணிக்கு ஏறத்தாழ 1,200 லிட்டரை வெளியே விடும். தினம் இரண்டு மணி நேரமே தண்ணீர் விடும் ஊரிலும் அது 2,400 லிட்டர், ஆளுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் கணக்கில் நாற்பது பேருக்கு மேல் ஒரு நாளைக்குப் போதுமான தண்ணீர். புகார் வந்த நேரம், ஆள் போன நேரம், அடைத்த நேரம் ஆகிய மூன்றையும் பதிய வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவே.

கேள்வி: செயலியிலும் எழுதுகிறோம், பதிவேட்டிலும் எழுதுகிறோம். இந்த இரட்டை வேலை எவ்வளவு காலம்?
– பம்ப் ஆபரேட்டர், சிவகங்கை மாவட்டம்

பதில்: மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். நீடித்தால் இரண்டில் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை நிரப்பும் பழக்கம் வந்துவிடும், பிறகு இரண்டும் பொய்யாகும். வாரந்தோறும் பத்துப் பதிவுகளை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டு, நான்கு வாரம் தொடர்ந்து பொருந்தினால், மேலதிகாரியின் கையெழுத்தோடும் தேதியோடும் பதிவேட்டை முடித்துவிடலாம். மின்தடையும் கைப்பேசிப் பழுதும் ஏற்படும் நாளுக்காக, செயலியில் உள்ள அதே கேள்விகளை அதே வரிசையில் அச்சிட்ட ஒரு சிறு நோட்டு பம்ப் அறையில் தொங்கட்டும்.

முடித்த பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதித்த குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது, எந்த வளைவில் இரும்பிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்க்கு மாறுகிறது என்பது அவற்றின் ஏதோ ஒரு பக்கத்தில், யாரோ ஒரு பழைய ஃபிட்டரின் பென்சில் எழுத்தில் இருக்கக்கூடும். மழைக்கு முன் அவற்றை இறக்கித் தூசி தட்டி, பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்தந்த வால்வு எண்ணோடு சேர்த்து வையுங்கள்.